எழுதி அழிக்கும் ஒரு நாள்: கோட்ரிட்ரீட் நடத்தும் முறை

கர்நாடக சங்கீதம் கற்கிறவர் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடிப் பாடிப் பழகுகிறார். அதைக் கச்சேரியில் யாரும் பாடுவதில்லை. குரலுக்குப் பிடிபட வேண்டியது பிடிபடத்தான் அது. மென்பொருள் எழுதுகிறவருக்கு இப்படியொரு சாதக நேரம் வாய்ப்பதில்லை. புதிதாக ஒரு முறையைக் கற்றால் அதை வாடிக்கையாளரின் நிரலிலேயே முயன்று பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே சறுக்கினால் கெடு தவறும் என்பதால் பழைய வழியிலேயே எழுதிவிட்டுப் போகிறோம்.

நிரல் எழுதிப் பழகும் ஒருநாள் பயிற்சியான கோட்ரிட்ரீட் இந்தக் குறைக்காகவே உருவானது. 2009 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த கோட்மேஷ் மாநாட்டில் சில நிரலாளர்களின் பேச்சில் முளைத்த யோசனை இது. அவர்களில் ஒருவரான கோரி ஹேய்ன்ஸ் பிறகு ஊர் ஊராகப் போய் இதை நடத்திக் காட்டினார். 2011 டிசம்பர் 3 அன்று உலகின் பல நகரங்களில் ஒரே நாளில் நடந்தது. அதன் வடிவம் எளிது: ஒரு நாள், ஒரே கணக்கு, 45 நிமிடச் சுற்றுகள் ஐந்தோ ஆறோ. ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஜோடி. சுற்று முடிந்ததும் எழுதியதை அழித்துவிட வேண்டும். வடிவம் எளிதாக இருப்பதாலேயே பலரும் தயாரிப்பில்லாமல் இறங்கிவிடுகிறார்கள். பிறகு அது வழக்கமான ஹேக்கத்தானாக மாறிவிடும்.

ஆளும் இடமும்

முதல்முறை நடத்துகிறீர்கள் என்றால் 12 முதல் 20 பேர் போதும். எட்டுக்குக் கீழே போனால் நான்காவது சுற்றிலேயே ஏற்கெனவே சேர்ந்த ஜோடிகள் மறுபடி சேரும். 20-க்கு மேல் போனால் நடத்துபவர் இருவர் வேண்டும், ஏனென்றால் 45 நிமிடத்தில் ஒருவரால் பத்து ஜோடிகளுக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாது. இலவச நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராதவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே பதிவு செய்யுங்கள். வந்தவர்கள் ஒற்றைப்படையாக இருந்தால் நடத்துபவர் ஜோடியாக உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அந்தச் சுற்றைப் பார்க்க ஆளில்லை. ஒரு மேசையில் மூவரை உட்கார வையுங்கள்.

ஜோடிக்கு ஒரு லேப்டாப் போதும். தனி மானிட்டரும் இரண்டாவது கீபோர்டும் இருந்தால் கழுத்துக்கு நல்லது. இரண்டு ஜோடிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வையுங்கள். மின்தடைக்கு லேப்டாப் பேட்டரி தாங்கும், வைஃபை ரவுட்டர் தாங்காது. ஆகவே நாள் முழுவதையும் இணையம் இல்லாமலே நடத்த முடிகிறபடி தயார் செய்துகொள்ளுங்கள். ஜாவாவுக்கு ஜேயூனிட், பைத்தானுக்கு பைடெஸ்ட், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜெஸ்ட் என்று டெஸ்ட் (எழுதிய நிரல் சரியா என்று சோதிக்கும் சிறு நிரல்) ஓட்டும் கருவி எதுவானாலும் அதை முன்கூட்டியே நிறுவி, வேண்டுமென்றே தோற்கும் ஒரு டெஸ்டை ஓட்டிப் பார்த்துவிட்டு வரும்படி மூன்று நாள் முன்பே எழுதுங்கள். இதைச் செய்யாமல் வருகிறவர்களுக்காக அதே தொடக்கக் கோப்புறையை ஒரு பென்டிரைவில் வைத்திருங்கள். முதல் சுற்று நாசமாவதற்கு முதல் காரணம் கணக்கின் கடினமல்ல, லைப்ரரி இறங்குவதற்காகக் காத்திருப்பதுதான்.

பெயர்ச் சீட்டில் பெயர் மட்டும் இருக்கட்டும். நிறுவனம், பதவி, எத்தனை வருட அனுபவம் என்று எதுவும் வேண்டாம். நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. பக்கத்தில் இருப்பவர் ஆர்க்கிடெக்ட் என்று தெரிந்த நொடியில் இரண்டு வருட அனுபவக்காரர் "சார், நீங்களே டைப் பண்ணுங்க சார்" என்று கையை மடியில் வைத்துக்கொள்வார். அன்று முழுக்க அவர் கற்றது அவ்வளவுதான்.

கணக்கு

கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கிய லைஃப் விளையாட்டுதான் வழக்கமான கணக்கு. 1970 அக்டோபரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னரின் பத்தி வழியாக உலகுக்குத் தெரிந்தது. எல்லையில்லாத கட்டத்தாள் ஒன்று. ஒவ்வொரு கட்டமும் உயிருடன் இருக்கும் அல்லது இருக்காது. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டு அண்டைக் கட்டங்கள். உயிருள்ள கட்டத்துக்கு உயிருள்ள அண்டை இரண்டோ மூன்றோ இருந்தால் அடுத்த தலைமுறையிலும் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். உயிரற்ற கட்டத்துக்குச் சரியாக மூன்று உயிருள்ள அண்டை இருந்தால் அது உயிர்பெறும். எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் மாறும். கணக்கு இவ்வளவே. பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். 45 நிமிடத்தில் டெஸ்டோடு ஒழுங்காக எழுதி முடிப்பது அரிது. இந்தக் கணக்கைத் தேர்ந்ததே அதற்காகத்தான்.

பலகையில் ஒரு பிளிங்கர் வரையுங்கள்: கிடைமட்டமாக அடுத்தடுத்து மூன்று கட்டங்கள். அடுத்த தலைமுறையில் அது செங்குத்தாக நிற்கும், அதற்கடுத்து மறுபடி படுக்கும். இதை எல்லாரும் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். "ஒரே நேரத்தில்" என்ற சொல்லைக் கவனிக்காதவர்கள் அதே தாளிலேயே ஒவ்வொரு கட்டமாக மாற்றிக்கொண்டு போவார்கள். அப்போது பிளிங்கருக்கு மேல்வரிசையில் நடுக்கட்டம் உயிர்பெறும், அது சரிதான். ஆனால் அடுத்து அதன் வலப்பக்கக் கட்டத்தை எண்ணும்போது, இப்போதுதான் பிறந்த அந்தக் கட்டமும் கணக்கில் சேர்ந்து இரண்டு மூன்றாகிவிடும். பிறக்கக் கூடாத கட்டம் பிறந்துவிடும். இந்தத் தவற்றை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். டெஸ்டே காட்டிக் கொடுக்கும்.

தீர்வை மட்டும் நடத்துபவர் எந்தச் சுற்றிலும் காட்டக் கூடாது. ஆனால் தனக்குள் இரண்டு மூன்று வழிகள் தெரிந்திருக்க வேண்டும். அநேகர் இருபரிமாண அணியில் தொடங்குவார்கள். எல்லையில்லாத தாள் என்றதும் ஓரங்களில் முட்டிக்கொள்வார்கள். உயிருள்ள கட்டங்களின் இடங்களை மட்டும் ஒரு தொகுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் எட்டு அண்டைக்கும் ஒரு வாக்குப் போட வைப்பது இன்னொரு வழி. மூன்று வாக்கு பெற்ற இடமும், ஏற்கெனவே உயிரோடிருந்து இரண்டு வாக்கு பெற்ற இடமும் அடுத்த தலைமுறை. அணியே தேவையில்லை, ஓரமும் இல்லை.

நாளின் அட்டவணை

9 மணிக்கு வரவேற்பும் விளக்கமும். 9.30-க்கு முதல் சுற்று. ஒவ்வொரு சுற்றும் 45 நிமிடம், பிறகு 15 நிமிடம் பேச்சும் இடைவேளையும். 12.30 வரை மூன்று சுற்று. ஒரு மணி நேரம் சாப்பாடு. 1.30-இலிருந்து 4.15 வரை இன்னும் மூன்று. அதன் பிறகு 5 மணி வரை நிறைவு வட்டம். கல்லூரி மாணவர்கள் அதிகமாக இருந்தால் ஐந்து சுற்றோடு நிறுத்துங்கள், ஆறாவதில் மூளை ஓடாது. சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். பிரியாணி போட்டால் நான்காவது சுற்றை நீங்கள் மறந்துவிடலாம்.

கடிகாரத்தைத் திரையில் காட்டாதீர்கள். "இன்னும் ஐந்து நிமிடம்" என்று அறிவிக்கவும் வேண்டாம். அறிவித்த உடனே டெஸ்டை விட்டுவிட்டு எதையாவது ஓடவைத்துக் காட்டும் அவசரம் தொற்றிக்கொள்ளும். அலுவலகத்தில் கெடு நெருங்கும்போது நாம் செய்யும் அதே தப்பை இங்கேயும் பழகிக்கொண்டு போவதில் பயனில்லை. நேரமானதும் மணியடியுங்கள், "கையை எடுங்கள், அழியுங்கள்" என்று சொல்லுங்கள்.

அழிப்பது

எல்லாரும் வாதாடும் இடம் இதுதான். கிட்ஹப்பில் ஏற்றிவைக்கிறேன், வீட்டில் போய் முடிக்கிறேன், ஒரு கிளையில் ஒளித்துவைக்கிறேன் என்பார்கள். இடங்கொடுக்காதீர்கள். நிரல் இருந்தால் அடுத்த சுற்று அதன் தொடர்ச்சியாகிவிடும். பழைய வடிவமைப்பைக் காப்பாற்றும் வேலைதான் நடக்கும். அழித்துவிட்டால் வேறொரு தொடக்கத்தை முயல எந்த நஷ்டமும் இல்லை. தொடங்குவது எப்படி என்பதுதான் அன்றைய பாடம், அதை ஆறு முறை செய்யும் வாய்ப்பு கிடைக்கிறது. வாசலில் கோலம் போடுகிறவர் நேற்றைய கோலத்தைத் தண்ணீர் தெளித்துக் கலைக்கத் தயங்குவதில்லை. புள்ளி வைக்கும் கணக்கு விரலில் இருக்கிறதே.

செயற்கை நுண்ணறிவு உதவிக் கருவிகளை அன்று அணைத்துவைக்கச் சொல்லுங்கள், எடிட்டருக்குள் தானாக நிரப்புபவையையும் சேர்த்து. இந்தக் கணக்கு இணையத்தில் எல்லா மொழிகளிலும் கொட்டிக் கிடக்கிறது. வகுப்பின் (கிளாஸ்) பெயரை அடித்தாலே முழுத் தீர்வும் வந்து விழும், பயிற்சி அங்கேயே முடிந்துவிடும். ஆர்வமிருந்தால் கடைசிச் சுற்றில் மட்டும் அனுமதித்து, அது தந்த நிரலைக் காலையில் தாங்கள் எழுதியதோடு ஒப்பிட்டுக் குறை சொல்லச் சொல்லலாம். அது நல்ல பயிற்சி.

சுற்றுகளும் கட்டுப்பாடுகளும்

முதல் சுற்றில் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். கணக்கு பிடிபடட்டும். கட்டத்தாளைத் திரையில் வரையப் போகிறவர்களை மட்டும் தடுத்துவிடுங்கள். வரைவதில் இறங்கினால் விதிகளை எழுதவே மாட்டார்கள்.

இரண்டாவதில் பிங்பாங். ஒருவர் தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுத வேண்டும். மற்றவர் அதைத் தேற வைக்கும் அளவுக்கு மட்டும் நிரல் எழுதி, இருவரும் சேர்ந்து அதைச் சீர்செய்து, பிறகு அவர் அடுத்த டெஸ்டை எழுதி கீபோர்டைத் திருப்பித் தர வேண்டும். இங்கே நேரும் தவறு, முதல் டெஸ்டே மிகப் பெரிதாக இருப்பது. "பிளிங்கர் திரும்ப வேண்டும்" என்று தொடங்கினால் அதைத் தேற வைக்க மொத்தக் கணக்கையும் எழுத வேண்டிவரும், 30 நிமிடம் சிவப்பிலேயே (டெஸ்ட் தோற்றால் சிவப்பு, தேறினால் பச்சை) கழியும். "அண்டை இல்லாத உயிருள்ள கட்டம் சாகும்" என்பதில் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் பச்சை வரும்.

மூன்றாவதில் குட்டி அடிகள். இரண்டு நிமிட டைமர் வையுங்கள். டைமர் அடிக்கும்போது எல்லா டெஸ்டும் பச்சையாக இருந்தால் கமிட், அதாவது அந்த நிலையை கிட் என்ற கருவியில் பதிந்துவைக்க வேண்டும். ஒன்று சிவப்பாக இருந்தாலும் கடைசிக் கமிட்டுக்கே திரும்ப வேண்டும், எழுதியது போச்சு. முதல் 15 நிமிடம் எரிச்சல்தான். அதன் பிறகு, ஒரு பெரிய மாற்றத்தை நான்காக உடைப்பது எப்படி என்று தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள். புதிய கோப்புகள் கிட்டில் சேராமல் நின்றுவிட்டால் திரும்பும்போது அவை அழியாது, பழைய நிரல் ஒளிந்து தங்கும். கமிட் செய்யவும் திரும்பவும் ஆளுக்கொரு சிறு ஸ்கிரிப்ட் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

நான்காவது சுற்று சாப்பாட்டுக்குப் பிந்தையது. அப்போது மௌன ஜோடி வையுங்கள், யாருக்கும் தூக்கம் வராது. பேச்சும் சைகையும் எழுத்துக் குறிப்பும் கூடாது. நிரலும் டெஸ்டும் மட்டுமே பேச வேண்டும். 'செக்1', 'டெம்ப்', 'டேட்டா' என்று பெயர் வைத்துப் பழகியவர்கள் பக்கத்து ஆளுக்கு ஒன்றுமே புரியவில்லை என்பதை இங்கேதான் நேரில் பார்ப்பார்கள். பெயரிடுவது பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதைவிட இந்த 45 நிமிடம் நன்றாக வேலை செய்யும்.

ஐந்தாவதுதான் கடினமானது, வளமானதும் கூட. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்: 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்னும் இஃப் இல்லாமல் எழுதுவது, அல்லது அம்மண எண் கூடாது என்பது. முதலாவதில் சிலர் டெர்னரியையோ ஸ்விட்சையோ போட்டு வேடம் மாற்றுவார்கள். அதுவும் இஃப்தான், ஒப்புக்கொள்ளாதீர்கள். உயிருள்ள கட்டம் ஒரு வகுப்பாகவும் உயிரற்றது இன்னொரு வகுப்பாகவும் பிரிந்து, தன் அடுத்த நிலையைத் தானே சொல்லும்போது விதி அதற்குரிய இடத்துக்குப் போய்ச் சேரும். 'இரண்டு, மூன்று' என்ற தொகுப்பு உயிருள்ளதற்கு, 'மூன்று' மட்டும் உயிரற்றதற்கு என்று அட்டவணையாக்குவதும் தகும். இரண்டாவது கட்டுப்பாட்டில், வெளியே தெரியும் எந்த மெத்தடுக்கும் வெறும் எண்ணோ சரமோ பட்டியலோ போகக் கூடாது, வரவும் கூடாது. எக்ஸும் ஒய்யும் சேர்ந்து 'இடம்' என்ற வகுப்பாகும். உடனே "என் அண்டைகள் யார்" என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லத் தொடங்கும். அதுவரை ஐந்து இடத்தில் சிதறிக் கிடந்த கூட்டல் ஒன்று கழித்தல் ஒன்று எல்லாம் ஒரே இடத்தில் வந்து அடங்கும்.

ஆறாவதில் அவரவர் விருப்பம். மொழியை மாற்றலாம், இரண்டு கட்டுப்பாட்டைச் சேர்க்கலாம்.

ஜோடி மாற்றும்போது லேப்டாப்காரர் உட்காரட்டும், மற்றவர் நகரட்டும். பைத்தான்காரர்கள் பைத்தான்காரர்களையே தேடிப் போவார்கள். ஒருமுறையாவது தெரியாத மொழியில் உட்காரச் சொல்லுங்கள். அங்கே மொழி தெரியாதவர் கையில்தான் கீபோர்டு இருக்க வேண்டும். தெரிந்தவர் வாயால் சொல்ல, தெரியாதவர் அடிப்பார்.

நடத்துபவர் செய்யக் கூடாதவை

கீபோர்டைத் தொடாதீர்கள். பதில் சொல்லாதீர்கள். ஜோடியின் பின்னால் நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகருங்கள். நன்றாக வேலை செய்யும் கேள்விகள் சில: "கட்டம் அறுகோணமானால் எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும்?" "இந்த டெஸ்டின் பெயரை மட்டும் படித்தால் விதி புரியுமா?" "இந்த வரியை நீக்கினால் எந்த டெஸ்ட் சிவக்கும்?" கடைசிக் கேள்விக்கு 'ஒன்றும் சிவக்காது' என்பது பதிலானால், அந்த வரி தேவைக்கு முன்பே எழுதப்பட்டது.

அளவுகோல் ஒன்று வேண்டுமென்றால் எளிய வடிவமைப்புக்கு நிரலாளர் கென்ட் பெக் சொன்ன நான்கு விதிகள் போதும்: டெஸ்டுகள் தேற வேண்டும், நோக்கம் வெளிப்பட வேண்டும், ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது, உறுப்புகள் குறைவாக இருக்க வேண்டும். பலகையின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அவர்களே சுட்டிக்காட்டுவார்கள்.

சுற்றுக்குப் பிந்தைய பேச்சில் "முடித்தவர்கள் யார்?" என்று கேட்டால் அன்றைய நாள் போட்டியாகிவிடும். எங்கே சிக்கினீர்கள், எந்த டெஸ்டில் தொடங்கினீர்கள் என்று கேளுங்கள். நிறைவு வட்டத்தில் எல்லாரும் நின்றபடி ஆளுக்கு இரண்டு நிமிடம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்வது மரபு: ஏதாவது கற்றீர்களா, ஏதாவது வியப்பாக இருந்ததா, இனி எதையாவது வேறுமாதிரி செய்வீர்களா? 'ஒன்றும் இல்லை' என்ற பதிலுக்கும் இடமுண்டு. 20 பேருக்கு 40 நிமிடம், அதற்காகத்தான் 45 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம்.

சான்றிதழ் உண்டா என்று கட்டாயம் கேட்பார்கள். கல்லூரியில் வருகைப் பதிவுக்குத் தேவையென்றால் வந்ததாக ஒரு கடிதம் கொடுங்கள். தரநிலை, பட்டை, 'மாஸ்டர்' பட்டம் எதுவும் வேண்டாம். அழித்த நிரலுக்கு மதிப்பெண் போட வழியில்லை.

ஒரு நாளோடு நிற்காமல் இருக்க

ஒரே வேலையைச் சேர்ந்து செய்து கற்கும் குழுவைக் குறிக்கும் 'கம்யூனிட்டி ஆஃப் பிராக்டிஸ்' என்ற சொல்லை 1991-இல் கற்றல் ஆய்வாளர்கள் ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் முன்வைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தவர்களில் லைபீரியாவின் தையற்காரர்களும் உண்டு. அங்கே சீடப்பிள்ளை துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது என்று கடைசி வேலையில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறான். துணியைத் தப்பாக வெட்டினால் நஷ்டம், பொத்தானைத் தப்பாக வைத்தால் பிரித்துத் தைத்துவிடலாம். ஆனாலும் அது பாவனை வேலையல்ல, விற்கப் போகும் உடை. உங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவருக்கும் இப்படி ஒன்று கொடுங்கள்: டைமர் பார்ப்பது, பேச்சைப் பலகையில் எழுதுவது, அடுத்த மாதக் கணக்குக்கு முதல் தோற்கும் டெஸ்டை எழுதிவருவது.

முழுநாள் நிகழ்ச்சியை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் தாங்க முடியும். இடையில் மாதம் ஒருமுறை டோஜோ என்ற இரண்டு மணி நேரக் கூட்டுப் பயிற்சி வையுங்கள். 8 முதல் 12 பேர், ஒரு புரொஜெக்டர், ஒரே கணினி. இருவர் முன்னால் உட்கார, 7 நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தவர் எழுந்து கூட்டத்துக்குப் போக, வழிசொன்னவர் அடிக்க, புதியவர் வழிசொல்ல வருவார். டெஸ்ட் சிவப்பாக இருக்கும்போது கூட்டம் வாய் திறக்கக் கூடாது. பச்சையான பிறகுதான் வடிவமைப்புப் பற்றிய கருத்து. இந்த ஒரு விதியை விட்டால் முன்னால் இருப்பவர் பத்துப் பேரின் தட்டச்சராகிவிடுவார். கணக்குக்கு ரோமன் எண்கள், பந்தை உருட்டிப் பின்களைச் சாய்க்கும் பவுலிங் ஆட்டத்தின் மதிப்பெண் போதும். பழைய குப்பை நிரலைச் சீர்செய்து பழக கில்டெட் ரோஸ் என்ற பயிற்சிக் கணக்கு.

இரண்டு வழக்கங்களைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். நாளை மாற்றாதீர்கள்: இரண்டாம் சனிக்கிழமை காலை 10 என்றால் அதுவே. எல்லாருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடி வாக்கெடுப்பு நடத்தும் குழு மூன்றாவது மாதத்தில் கலைந்துவிடும். நடத்துபவரையும் மாற்றிக்கொண்டே இருங்கள். இந்த மாதம் துணைக்கு நின்றவர் அடுத்த மாதம் நடத்தட்டும். ஒருவரே இழுத்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை மாறும் அன்று குழு நின்றுவிடும். விருந்தினர் உரை வைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். உரை கேட்பது சுகமானது, அதனாலேயே ஆபத்தானது. ஒன்று வைத்தால் அடுத்த மாதமும் அதையே கேட்பார்கள், கீபோர்டு மூடியே கிடக்கும். உரைக்கென்று வேறு குழுக்கள் இருக்கின்றன.

மழை பெய்து, அறிவித்த நாளில் மூவர் மட்டும் வந்தால் ரத்து செய்யாதீர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டை வலப்பக்கம் தள்ளுங்கள். முடிந்ததும் அழித்துவிடுங்கள்.